ராகு காலத்துக்கு ஐந்து நிமிடம்

முருகன் துணை

பம்மல்,
12-9-1988

அன்புள்ள தம்பி சவுரிமுத்துவுக்கு,

பம்மலிலிருந்து காந்திமதி அக்கா எழுதுகிறேன். வேம்பாரில் நீயும் பேபியும் குழந்தைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் குன்றத்தூர் மலையேறிக் கேட்டுக்கொண்டு வருகிறேன். உன் விலாசம் கிடைக்கவே இத்தனை மாதம் ஆகிவிட்டது. காசிமேட்டில் நீ வேலை பார்த்த பட்டறையில் கேட்டால் தெரியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெளியே மீன் கூடை வைத்திருந்த கன்னியம்மா என்கிற அம்மாள்தான், "அவுரு பொண்டாட்டி ஊருக்கே பூட்டாரும்மா, தூத்துக்குடி பக்கம் வேம்பாரு" என்று சொன்னாள். "நல்லா வேலை தெரிஞ்ச மன்சன், இன்னாத்த சொல்றது" என்று கூடையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தாள்.

உன் அண்ணன், என் வீட்டுக்காரர், நன்றாக இருக்கிறார். கை ஆறிவிட்டது. மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே மூடித் தைத்த இடத்தில் மழை நாளில் மட்டும் குடைச்சல். இல்லாத விரல்களில் வலிக்கிறது என்கிறார். டாக்டரைக் கேட்டதற்கு, அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றார். இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிவிட்டார். லேத் முன்னால் நின்று சின்ன வேலைகளைச் செய்கிறார். சாப்பிடுவதற்குத்தான் கூச்சம். யாராவது வீட்டுக்கு வந்திருந்தால் பசிக்கவில்லை என்று சொல்லிவிடுவார்.

போட் அதே இடத்தில்தான் நிற்கிறது. கிணற்றுக்கும் லேத் ஷெட்டுக்கும் நடுவில், நீ அடுக்கிக் கொடுத்த கட்டைகளின் மேல். துறைமுகத்து ஏலத்தில் எடுத்து லாரியில் அது நம் தெருவுக்குள் நுழைந்த அன்று தோல் பதனிடுகிற ஷெட்டு ஆட்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். "இன்னா ஜெயவேலண்ணே, பிரளயம் எதுனா வரப்போவுதா? எங்களுக்கும் ஒரு எடம் போட்டு வைய்யி" என்று ஒருத்தன் கத்தினான். "பம்மல்ல அல தூக்கி அடிச்சா நீதான்டா மொதல்ல மூழ்குவ" என்று அவர் பதிலுக்குக் கத்தினார். நீ லாரி மேல் நின்றுகொண்டு விழுந்து விழுந்து சிரித்தாய். இப்போது அந்த ஆட்கள் நம் வாசலைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். கேலி செய்ய மாட்டார்களா என்று இருக்கிறது.

பங்குனியில் போட்ட தார்ப்பாயை ஆனி மாதம் அவரே எடுத்துவிட்டார். யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் போட் மூடாமல் நின்றது. அதிலிருந்து வேலையை ஆரம்பித்துவிட்டார். பலகை இடுக்குகளில் பழைய பஞ்சைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுத்திரி அடைத்து மேலே பூச்சு வைத்தாயிற்று. டீசல் டாங்கைக் கழற்றி அடியில் இருந்த சேற்றை நான்தான் கரண்டியால் வழித்துப் போட்டேன். மூன்று சிலிண்டருக்கும் நாசில் சர்வீஸ் ஆகி வந்திருக்கிறது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு அரிசி, காய்கறி கொண்டுபோகிற கான்ட்ராக்டர் லக்ஷ்மிநாராயணன் சார் வந்து பார்த்துவிட்டு, தை பிறப்பதற்குள் ஓடுகிற நிலையில் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

இன்ஜினை மட்டும் அன்றைக்குப் பிறகு யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. வேறு மெக்கானிக்கைக் கூப்பிட அவர் ஒப்பவில்லை. "சவுரி வந்தா வரட்டும். இல்லன்னா அது இப்படியே நிக்கட்டும்" என்கிறார். அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ ஒரு தடவை வந்து போக வேண்டும்.

இன்னொரு விஷயம். உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது. அடியில் இருக்கிற பித்தளை விசிறிக்கு மூன்று இலை. அதில் ஒன்று மூளி. ஆடி மாதம் முதல் வெள்ளியன்று கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தேன், மூளி இலை கிணற்றைப் பார்த்து இருந்தது. மறுநாள் வானத்தைப் பார்த்து இருந்தது. அதற்கு மறுநாள் வீட்டைப் பார்த்து. நம் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்து, தினமும் எந்தப் பக்கம் என்று நோட்டில் குறித்து வந்தேன். நாற்பது நாள் குறித்திருக்கிறேன். ஒரு நாள் இருந்த இடத்தில் மறுநாள் இல்லை. காற்றுக்குச் சுற்றுகிற சாமானா அது? என் கையால் அசைக்கக்கூட முடியவில்லை. அது தானாகச் சுற்றுமா, தம்பி?

நீ சொல்லச் சொல்ல நான் எழுதிய வேலைக் குறிப்பெல்லாம் அதே நோட்டில்தான் இருக்கிறது. எண்ணெய் எப்போது மாற்றுவது, டிரம்மில் தண்ணீர் வைத்து எப்படி இன்ஜினைக் குளிர வைப்பது எல்லாம். ஒரு பக்கத்தைப் புரட்டும்போது மட்டும் வேகமாகப் புரட்டிவிடுவேன். "கீழே இன்ஜின் குழிக்குள் இறங்குகிறவர் செருப்பைக் கழற்றி சுவிட்சுப் பெட்டி மேல் வைத்துவிட்டு இறங்கணும். செருப்பு இருக்கிறவரைக்கும் சாவியைத் தொடக் கூடாது" என்று இருக்கிற பக்கம்.

என் கொழுந்தனார் துரை அன்று உன்னைக் கை நீட்டி அடித்தது தப்பு. பெட்டி மேல் செருப்பு இல்லை, இல்லை என்று நீ அழுதுகொண்டே சொன்னாய். "அண்ணன் எப்பவும் பொட்டி மேலதான் வெப்பாரு. பாக்காம ஸ்டார்ட் பண்ணிட்டு அப்பால எடுத்து ஏணிக்குக் கீழ போட்டுட்டு கதையா வுடுற" என்று அவன் சொன்னதையே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். காசிமேடு வரைக்கும் போய்ச் சொல்லி உன் வேலையையும் கெடுத்தான். அண்ணன் ரத்தத்தைப் பார்த்த வேகம். இப்போது அதைக் கிளறி என்ன ஆகப் போகிறது. நாங்கள் யாரும் உன் மேல் கோபமாக இல்லை.

வருகிற தேதியைப் போஸ்ட் கார்டில் எழுது. குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்கா
காந்திமதி


முருகன் துணை

பம்மல்,
6-10-1988

அன்புள்ள பேபிக்கு,

உன் கார்டு வந்தது. சவுரிக்கு எழுதினால் நீ பதில் எழுதியிருக்கிறாயே என்று முதலில் பயந்துவிட்டேன். அவர் என் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார், பொழுது சாயும்வரை வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். என்ன செய்வது, நல்லதை நினைத்துத்தான் எழுதினேன்.

ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போகிறார் என்று படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே எந்த வால்வில் கோளாறு என்று சொல்கிறவர். ஊர்க்காரர்களே படகை ரிப்பேர் பார்க்கக் கூப்பிட்டும் போக மாட்டேன் என்கிறாரா? இங்கேயிருந்து போன பேச்சு அங்கே வரைக்கும் வந்து, "சாவியைத் திருப்பி ஆள் கையை எடுத்தவர்" என்று பின்னால் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஊர் வாய்.

நீ எழுதியதில் ஒன்றை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் உள்ளே வராமல் கோயில் வாசலிலேயே நின்று, கழற்றிப் போட்ட செருப்புகளை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறாயே. உள்ளே போனவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று கடைசிச் செருப்பு போகிறவரைக்கும் நிற்கிறார் என்று. முதலில் இல்லவே இல்லை என்று சாதித்தவர், இப்போது, "இருந்திருக்கும் பேபி, என் கண்ணுதான் பார்க்கல" என்கிறார் என்று.

கார்டின் ஓரத்தில் நீ நெருக்கி எழுதிய கேள்வியைப் படித்தேன். "அக்கா, அன்றைக்கு நீங்களும் போட்டில் இருந்தீர்கள். செருப்பு இருந்ததா இல்லையா, ஒரு வார்த்தை எழுதுங்கள்" என்று.

எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, அம்மா. பூஜை அவசரத்தில் இருந்தேன். கற்பூரப் புகை வேறு.

இங்கே எனக்கும் உடம்பு சரியாக இல்லை. தூக்கம் பிடிப்பதில்லை. கால் பூரா வெடிப்பு. செருப்புப் போடுவதை விட்டு ஏழு மாதம் ஆகிறது. பல்லாவரம் சந்தைக்கும் வெறுங்காலோடுதான் போய் வருகிறேன். தெருவில் எல்லோரும் குன்றத்தூர் முருகனுக்கு வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுச் சரோஜினியிடம் மட்டும் விசிறி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள், "அக்கா, உங்க போட்ல ஏதோ கீது. பழைய ஓனரு ஆளு எவனாவது அதுல செத்திருப்பான். விசிறி தானா சுத்துதுன்றீங்க, பேஜாரு புடிச்ச போட்ட வித்துத் தொலைங்க" என்கிறாள். அவள் பேச்சைக் கேட்டு நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தேன். வேப்பிலை செருகினேன். விசிறி நிற்கவில்லை. நேற்றுக் காலையிலும் மூளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

செத்தவன் யாரும் வந்து பேசவில்லை, பேபி. எனக்குக் கேட்பதெல்லாம் உயிரோடு இருக்கிறவருடைய குரல்தான். அடுப்பங்கரையில் நிற்கும்போது, துணி உலர்த்தும்போது, "அண்ணன் எங்க அக்கா?" என்று உன் வீட்டுக்காரர் கேட்பது கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் போட்டின் நிழல்தான் சுவரில் இருக்கிறது.

உனக்கு ஒரு நூல் புடவையும் பிள்ளைகளுக்குத் துணியும் பார்சல் செய்திருக்கிறேன். உங்கள் மாதா கோயிலில் என் பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

அன்புடன்,
காந்திமதி அக்கா


பம்மல்,
24-10-1988

சவுரிமுத்துவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பேபியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. பேபி கேட்டதற்குப் போன கடிதத்தில் பொய் எழுதினேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பெட்டி மேல் செருப்பு இருந்தது. அதை எடுத்தது நான். நீ பார்க்கும்போது அங்கே செருப்பு இல்லை. நீ சொன்னதுதான் நிஜம்.

எப்படி நடந்தது என்று வரிசையாக எழுதிவிடுகிறேன். பாதியில் நிறுத்தினால் மறுபடி எழுத வராது.

மார்ச் பதினெட்டு வெள்ளிக்கிழமை. நாள் பார்த்தது நான்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் தானாகவே பஞ்சாங்கம் பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு; தெருவில் பாதிப் பேர் என்னிடம்தான் நேரம் கேட்டுப் போவார்கள். பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் இன்ஜின் உயிர் பெற வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நீ டிரம்மில் தண்ணீர் நிரப்பக் கிணற்றுப் பக்கம் போயிருந்தாய். நான் தட்டும் மணியும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். சாமி படத்தை வைக்கத் தோதான மேடை அந்தச் சுவிட்சுப் பெட்டி ஒன்றுதான். அதன் மேல் அவர் செருப்பு இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு, தோல் ஷெட்டுத் தண்ணீரை மிதித்துவிட்டு வந்த செருப்பு.

அந்த விதியை என் கையால் எழுதியவள் நான். ஆனால் அந்த நிமிடம் எனக்கு அது விதியாகத் தெரியவில்லை. சாமி வைக்கிற இடத்தில் செருப்பு என்றுதான் தெரிந்தது. "இந்த மனுஷனுக்கு எங்கே எதை வைக்கிறதுன்னே தெரியாது" என்று முனகிக்கொண்டே எடுத்து, இறங்கி, ஏணிக்கு அடியில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மறுபடி ஏறினேன். பெட்டியை ஈரத்துணியால் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி மணி அடித்தேன். நீ மேலே வந்தாய். பெட்டியைப் பார்த்தாய். நன்றாகப் பார்த்தாய், தம்பி. அதோடும் விடாமல் கேட்டாய், "அண்ணன் எங்க அக்கா?" என்று.

"லேத்துல இருப்பார். மணி பத்து இருபத்தைஞ்சு ஆயிடுச்சு, ராகு காலம் வந்துடும், ஸ்டார்ட் பண்ணு தம்பி" என்று நான் சொன்னேன்.

நீ சிரித்துக்கொண்டே, "உங்க ராகுவுக்கு பயந்து என்னைப் போட்டு இந்த வெரட்டு வெரட்டுறீங்களே" என்று சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினாய். மணியைக் கீழே வைக்கக்கூட இல்லை நான்.

ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். துரை உன்னை அடித்தபோது குறுக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவர் பிழைக்கட்டும், சொல்கிறேன் என்று முருகனிடம் சொன்னேன். அவர் பிழைத்தார். கட்டுப் பிரிக்கட்டும், சொல்கிறேன் என்றேன். பிரித்த கையைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. அவருக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாரா என்கிற பயம். அந்தப் பயத்துக்கு உன்னைக் கொடுத்துவிட்டேன்.

அவருக்குத் தெரியும் என்பது எனக்கு ஆயுத பூஜைக்கு மறுநாள்தான் தெரிந்தது. பூஜையன்று லேத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு, மணி அடிக்காமல் கற்பூரம் காட்டினேன். மார்ச்சிலிருந்து இந்த வீட்டில் மணி அடிப்பதில்லை. மணி அரிசி டின்னுக்குள் கிடக்கிறது. அவர் இத்தனை நாள் ஒன்றும் கேட்டதில்லை. அன்று மட்டும், "மணி எங்கே?" என்றார். தொலைந்துவிட்டது என்றேன். என்னையே பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் வழக்கத்துக்கு முன்னாலேயே பின்கட்டுக் கதவைத் திறந்தேன். போட்டின் அடியில் அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, இடது கையாலும் தோளாலும் முட்டுக் கொடுத்து விசிறியைத் திருப்பிக்கொண்டிருந்தார். கால் சுற்றுத் திருப்பிவிட்டு மூச்சு வாங்கினார். என்னைக் கண்டதும் திருடனைப் போல் எழுந்தார். "தினம் கால் சுத்து சுத்தி வைக்கணும், இல்லன்னா தண்ணி உள்ள வராம அடைச்ச பேக்கிங் கயிறு ஷாஃப்டைப் பிடிச்சுக்கும்னு சவுரி சொல்லியிருக்கான்" என்றார். பேயுமில்லை, பிசாசுமில்லை. நீ சொல்லிவிட்டுப் போன வேலையை ஒரு நாள் விடாமல் செய்துகொண்டிருந்திருக்கிறார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். செருப்பை நான்தான் எடுத்தேன் என்று அப்போதுதான் வாயில் வந்தது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "தெரியும்" என்றார்.

அன்று இன்ஜின் குழிக்குள் ஷாஃப்ட் பக்கத்தில் கையை விட்டு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தவருக்கு, மேலே பலகைச் சந்து வழியாக என் கை தெரிந்திருக்கிறது. வளையல் சத்தம் கேட்டிருக்கிறது. "பூஜைக்கு எடுக்கிறேன்னு தெரிஞ்சுது. குரல் கொடுக்கலாம்னு நெனைச்சேன். கடைசி நட்டு, இன்னும் ஒரு சுத்துதான். அதை முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்துட்டேன்" என்றார். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா துரை உன்னை என்ன சொல்லுவான், தெரு உன்னை என்ன சொல்லும்? நீ கிணத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறதை ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கே பார்த்தேன். சவுரி ஆம்பளை, எங்கே போனாலும் பொழைச்சுப்பான்னு நெனைச்சேன்" என்றார்.

அவருக்கு உன் நிலைமை தெரியாது. பேபியின் கார்டை அவரிடம் காட்டாமல் வைத்திருந்தேன். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தேன். கோயில் வாசலில் நீ நிற்பதை எழுதியிருக்கிற இடத்துக்கு வந்ததும் கார்டை மடியில் வைத்துவிட்டார். "துரையைக் கூப்பிடு" என்றார்.

துரை ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மத்தியானம் வந்தான். அவனையும் அவன் மனைவி தனத்தையும் உட்கார வைத்து நானே சொன்னேன். அவன் தலை நிமிரவில்லை. கடைசியில், "அண்ணி, இத்தனை மாசம் சும்மா இருந்தீங்க, இன்னும் சும்மாவே இருந்திருக்கலாம் இல்ல? இப்ப நான் அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றான். தனம்தான், "மூஞ்சில அறைஞ்சப்ப மட்டும் முழிக்கத் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். அவன் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்னும் வரவில்லை. வராமல் போனாலும் போகட்டும்.

சனிக்கிழமை அவரும் நானும் காசிமேட்டுக்குப் போனோம். உன் பட்டறை முதலாளி வேதாசலம் முதலில் எங்களை உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். மெக்கானிக்குகள் நான்கைந்து பேர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்து கேட்டார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு முதலாளி, "இன்னாம்மா நீ, ஏழு மாசமா இத்த வவுத்துல வெச்சிகினு எப்டிம்மா சோறு துன்ன?" என்றார். பிறகு அவரே, "அந்தாளு இதே எடத்துல நின்னு அழுதுகினே சொன்னான், பொட்டி மேல செருப்பு இல்ல மொதலாளின்னு. பதினாறு வருசமா என்கிட்ட பொய் சொல்லாத மன்சன். நான்தான் போடான்னு சொல்ட்டேன்" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மெக்கானிக்குகளில் வயதானவர் ஒருவர் என்னிடம், "நீ சாமி கும்புடுற கைதானேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டினாரா ஆறுதல் சொன்னாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதுவே எனக்குப் போதும்.

முதலாளி தன் கையால் நான்கு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். உன் இடம் காலியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். நீ போவதும் போகாததும் உன் இஷ்டம்.

போட் விஷயம். தீபாவளி கழித்து லாரி வருகிறது. துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கி, ஒரு வாரம் பலகை ஊறிய பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீ வந்து செய்ய வேண்டும் என்று போன தடவை எழுதினேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நான் பொய்யை மடியில் வைத்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்ட அழைப்பு அது. அவரிடமும் சொல்லிவிட்டேன், வேறு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லி. சரி என்றார். ஆனால் இன்னும் யாரையும் பார்க்கவில்லை.

மன்னிக்கச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ உடனே, பரவாயில்லை அக்கா என்று சொல்லிவிடுவாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும். அப்படிச் சுலபமாகச் சொல்ல வேண்டாம். எனக்கு வேண்டியது வேறு.

உன்னை ரிப்பேருக்குக் கூப்பிட்டாரே ஒரு படகுக்காரர், அவர் படகுக்குப் போ. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார். உன் கண்ணால் பார்த்தது போதும், வேறு யாரிடமும் கேட்காதே. உன் கண் ஒரு நாளும் தப்பாகப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு, சாவியைத் திருப்பு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது இந்தக் கடிதத்தை அவர்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டு. உன்னால் முடியாவிட்டால் பேபி படிக்கட்டும், இல்லாவிட்டால் உங்கள் சாமியாரிடம் கொடு. எந்த இடத்தையும் விட வேண்டாம். என் பெயரை மறைக்க வேண்டாம். என் எழுத்து அழகாக இருக்காது, ஆனால் கூட்டெழுத்து இல்லாமல் தனித்தனியாகத்தான் எழுதியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

குன்றத்தூர் முருகனும் உங்கள் மாதாவும் உன் கைக்கு எந்தக் குறையும் வராமல் காக்க வேண்டும். உன் பிள்ளைகள் தங்களை இன்ஜின்காரர் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு வளர வேண்டும்.

காந்திமதி,
கணவர் பெயர் ஜெயவேலு,
லேத் பட்டறை வீடு,
பம்மல், சென்னை.